மலையாட்டு வேட்டை: வெளியூரிலிருந்து போகிறவர் எப்படித் திட்டமிடுவது?

வட அமெரிக்காவின் வெள்ளை மலையாட்டை (mountain goat) வேட்டையாடுவது என்றதும் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த ரைஃபிள் வாங்கலாம்?" என்றுதான். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். மான் வேட்டைக்கு வைத்திருக்கும் நல்ல ரைஃபிளே பெரும்பாலும் போதும். இந்த வேட்டை கெட்டுப்போவது வேறு இடத்தில். எட்டு நாள் மழையில் நனைந்து, முட்டி வீங்கி, பல ஆயிரம் டாலர் கொடுத்தாயிற்று, நாளைக்கு விமானம் வந்துவிடும் என்ற நிலையில், எதிர்மலையில் ஒரே ஒரு ஆடு நிற்கும். கிடாவா பெட்டையா என்று உறுதியாகத் தெரியாது. சுட்டால் எங்கே போய் விழும் என்றும் தெரியாது. அந்த நேரத்தில் "இது வேண்டாம்" என்று துப்பாக்கியை இறக்க முடிய வேண்டும். நாள், பணம், உடம்பு, கைடு என்று கீழே வரும் எல்லாவற்றையும் அந்த ஒரு நிமிடத்தை மனதில் வைத்தே திட்டமிடச் சொல்வேன்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வளர்ந்தவர்களுக்கு வேட்டை என்றாலே குற்றம் என்றுதான் தோன்றும். வட அமெரிக்காவில் கதை வேறு. எத்தனை ஆடு இருக்கிறது என்று அரசே எண்ணி, இந்த மலையில் இத்தனை, இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை என்று சீட்டுக் கொடுத்து நடத்துகிறது. சீட்டில் உள்ளபடி நடந்தால் வேட்டை. ஒரு எல்லைக்கோடு தாண்டினாலும் அங்கேயும் குற்றம்தான்.

ஆட்டைப் பற்றிக் கொஞ்சம்

பெயரில் ஆடு இருந்தாலும் இது நம் வெள்ளாட்டு இனம் இல்லை. நீலகிரி வரையாட்டோடும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஐரோப்பாவின் ஷமாய், இமயமலையின் கோரல் ஆகியவற்றுக்கு நெருங்கிய சொந்தம். வெள்ளை ரோமம், கறுப்புக் கொம்பு, திமில் மாதிரி எழும்பிய தோள். ஆண், பெண் இரண்டுக்கும் கொம்பு உண்டு. வேட்டைக்காரருக்கு உள்ள பெரிய தலைவலியே அதுதான்.

வளர்ந்த கிடா 100 கிலோவைத் தாண்டும். குளம்பின் ஓரம் கெட்டி, நடுவில் ரப்பர் போல மெத்தென்ற பாதம். ஓநாயும் கரடியும் ஏற முடியாத செங்குத்துப் பாறைதான் அதற்குப் பாதுகாப்பு. நிறையச் சாவது பனிச்சரிவிலும் கடும் குளிர்காலத்திலும்தான்.

ஒரு விஷயத்தை மட்டும் நன்றாக மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். பெட்டை முதல் குட்டி போடவே பெரும்பாலும் நான்கைந்து வயதாகும். போடுவதும் அநேகமாக ஒற்றைக் குட்டி. மான்போல இழப்பைச் சீக்கிரம் ஈடுகட்டுகிற இனம் இல்லை இது. ஒரு சிறு மந்தையிலிருந்து சில வருடம் தொடர்ந்து பெட்டைகள் போனால் அந்த மலை காலியாகிவிடும். அதனால்தான் தென்கிழக்கு அலாஸ்காவில் வேட்டை அளவைக் கணக்கிடும்போது கிடாவுக்கு ஒரு புள்ளி, பெட்டைக்கு இரண்டு புள்ளி என்று வைத்திருக்கிறார்கள். நீங்கள் தெரியாமல் ஒரு பெட்டையைச் சுட்டால் அடுத்து வருகிறவருக்கு உள்ள வாய்ப்பும் சேர்ந்து குறைகிறது.

எங்கே போவது?

நடைமுறையில் மூன்று வழி.

முதலாவது, பிரிட்டிஷ் கொலம்பியா. உலகத்தில் உள்ள மலையாடுகளில் பாதிக்கு மேல் அந்த ஒரு மாகாணத்தில் இருக்கின்றன. வடமேற்கில் ஸ்கீனா பகுதி பேர்போனது. மாகாணத்தில் குடியிருக்காதவர் பெரிய விலங்கு வேட்டைக்குப் போனால் உரிமம் பெற்ற கைடு அவுட்ஃபிட்டர் (வேட்டைப் பயணத்தைத் தொழிலாக நடத்திக் கூட்டிப்போகிறவர்) கூட இருக்க வேண்டும். டொரண்டோவின் ஸ்கார்பரோவில் இருபது வருடமாக இருக்கும் கனடாக் குடிமகனும் அங்கே வெளியூர்க்காரர்தான். ஆனால் அவருக்கு இன்னொரு கதவு உண்டு: பிரிட்டிஷ் கொலம்பியாவில் வசிக்கும் வேட்டைக்கார நண்பர், உடன் அழைத்துச் செல்வதற்கான தனி அனுமதி வாங்கிக் கூட்டிப்போகலாம். அதற்காக அவர் ஒரு காசு கூட வாங்கக் கூடாது.

இரண்டாவது, அலாஸ்கா. அங்கே பழுப்புக் கரடி, டால் செம்மறி, மலையாடு மூன்றுக்கும் வெளிமாநில அமெரிக்கர் கைடு வைத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அலாஸ்காவில் வசிக்கும் 19 வயது நிறைந்த நெருங்கிய உறவினர் கூட வர வேண்டும். நெருங்கிய உறவு என்பதற்குச் சட்டத்திலேயே பட்டியல் இருக்கிறது. அப்பா, அண்ணன், தாத்தா, மாமனார், மனைவியின் அண்ணன் எல்லாம் செல்லும். சித்தப்பா, தாய்மாமன், சித்தி பையன் செல்லாது. நம் வீட்டுக் கணக்கில் இதை விட நெருக்கம் ஏது என்று வாதாடிப் பயன் இல்லை. அமெரிக்காவில் வசிக்காத வெளிநாட்டவருக்கு இந்த உறவுச் சலுகையும் கிடையாது. எந்தப் பெரிய விலங்காக இருந்தாலும் உரிமம் உள்ள கைடு கட்டாயம்.

அலாஸ்காவுக்குள்ளேயே இடத்துக்கு இடம் வித்தியாசம். கோடியாக் தீவில் ஆடு பூர்வீகம் இல்லை. 1950களின் தொடக்கத்தில் சில ஆடுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை பெருகித் தீவின் தெற்கு வரை பரவிவிட்டதால் அங்கே வேட்டை விதி கொஞ்சம் தாராளம். கீனாய், தென்கிழக்குக் கடலோரம் போன்ற இடங்களில் கட்டுப்பாடு கூடுதல்.

மூன்றாவது, மற்ற மேற்கு மாநிலங்கள்: ஐடஹோ, மொன்டானா, வயோமிங், கொலராடோ, யூட்டா, வாஷிங்டன் போன்றவை. எல்லாம் குலுக்கல். வெளிமாநிலத்தாருக்குக் கிடைக்கும் சீட்டு மிகக் குறைவு. ஐடஹோ, யூட்டா, வாஷிங்டனில் வாழ்நாளில் ஒரு தடவைதான். இங்கெல்லாம் பெரும்பாலும் கைடு கட்டாயம் இல்லை, அதனால் செலவு குறைவு. வயோமிங்கில் மட்டும் அரசு வனாந்தரம் என்று அறிவித்த பகுதிக்குள் வெளிமாநிலத்தார் பெரிய விலங்கு வேட்டைக்குக் கைடோ உள்ளூர்த் துணையோ இல்லாமல் போக முடியாது. என் யோசனை: வருடாவருடம் இரண்டு மூன்று மாநிலக் குலுக்கலில் பெயர் போட்டு வையுங்கள், ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். லாட்டரிச் சீட்டை நம்பிக் கல்யாண மண்டபம் பிடிப்பது போலத்தான் அது.

கைடு: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

இரண்டு வருடம் முன்னாலேயே தேட ஆரம்பியுங்கள். நல்ல கைடுகளுக்கு ஒன்றிரண்டு வருடப் பதிவு நிரம்பியிருப்பது சாதாரணம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒவ்வொரு அவுட்ஃபிட்டருக்கும் ஒரு நிலப்பரப்பு, அதில் இத்தனை ஆடு என்று ஒதுக்கீடு உண்டு. அலாஸ்காவின் கோடியாக் வனவிலங்குப் புகலிடம் போன்ற மத்திய அரசு நிலங்களில் குறிப்பிட்ட கைடுகளுக்கு மட்டுமே அனுமதி.

அலாஸ்காவில் கைடுகளுக்கு உரிமம் கொடுக்க ஒரு மாநில வாரியம் இருக்கிறது. பெயரைப் போட்டு உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். டிரான்ஸ்போர்ட்டர் என்று இன்னொரு உரிமமும் உண்டு. அவர் உங்களை விமானத்திலோ படகிலோ கொண்டுபோய் இறக்கிவிடுவார், திரும்ப ஏற்றிக்கொள்வார், அவ்வளவுதான். ஆடு காட்டக் கூடாது, கூட வேட்டைக்கு வரக் கூடாது. விலை பாதிதான் என்று யாராவது ஆசை காட்டினால் அவர் எந்த உரிமம் வைத்திருக்கிறார் என்று முதலில் கேளுங்கள்.

பேசும்போது கேட்க வேண்டியவை சில. எத்தனை நாள், அதில் வேட்டை நாள் எத்தனை, மழையில் முடங்கும் நாளுக்கு என்ன கணக்கு? ஒரு கைடுக்கு எத்தனை வேட்டைக்காரர்? அடிவாரத்தில் படுத்துத் தினமும் ஏறுவதா, முதுகில் கூடாரம் சுமந்து மேலேயே தங்குவதா? மிதவை விமானக் கட்டணம் உள்ளடக்கமா? காயம்பட்டுத் தப்பினால்? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். ரத்தம் சிந்தினால் உங்கள் வேட்டை முடிந்தது என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். நேர்மையான கைடு அதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுவார்.

அப்புறம் பழைய வாடிக்கையாளர்களின் எண் கேளுங்கள். ஆடு கிடைத்தவர்களின் எண்ணை எல்லோரும் தருவார்கள். ஆடு கிடைக்காமல் திரும்பியவர் இரண்டு பேரின் எண் வேண்டும் என்று கேளுங்கள். அவர்களிடம் ஒரே கேள்வி போதும்: "பெட்டை என்று சந்தேகம் வந்தபோது கைடு என்ன சொன்னார்?" வெற்றி விகிதம் 100 சதவீதம் என்று பெருமை அடிக்கிற கைடைப் பற்றி நான் இரண்டாவது தடவை யோசிப்பேன். வருகிறவர்கள் எல்லோரும் சுட்டுவிட்டுத்தான் போகிறார்கள் என்றால், வேண்டாம் என்று அங்கே யார்தான் சொல்கிறார்கள்?

பணம்: கைடு கட்டணம் மட்டும் 15,000 அமெரிக்க டாலருக்கு மேல் போவது இப்போது சகஜம். பாதியை முன்பணமாகக் கேட்பார்கள். விமானம், உரிமம், டிப்ஸ், தோல் பதனிடுவது எல்லாம் தனி. டிப்ஸ் பத்து முதல் பதினைந்து சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தப் பணத்தையும் உயிரைக் கொடுத்துத் திரட்டி, வெறுங்கையோடு திரும்பினால் தாங்க முடியாது என்ற நிலையில் போகாதீர்கள். அந்த மனநிலைதான் கடைசி நாளில் தப்பான ஆட்டைச் சுட வைக்கும். இன்னும் ஒரு வருடம் சேர்த்துவிட்டுப் போகலாம். மலை அங்கேயேதான் இருக்கும்.

உரிமம், டேக், காகிதம்

அலாஸ்காவில் வெளிமாநில அமெரிக்கருக்கு வேட்டை உரிமம் 160 டாலர், மலையாட்டு டேக் 600 டாலர். அமெரிக்காவில் வசிக்காத வெளிநாட்டவருக்கு உரிமம் 630, டேக் 800. கட்டணம் அவ்வப்போது மாறும் என்பதால் வாங்குகிற அன்று மாநில மீன், வனவிலங்குத் துறையின் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். டேக் என்பது பூட்டுகிற உலோகப் பட்டை. ஆடு விழுந்ததும் அதில் மாட்டிவிட வேண்டும். டேக்கை விடுதி அறையில் மறந்து வைத்துவிட்டு மலையேறினால் வேட்டையே இல்லை.

டேக் தவிர அந்தப் பகுதிக்கான பெர்மிட் வேறு. அது இரண்டு வகை: குலுக்கல், பதிவு. குலுக்கலுக்கு நவம்பர் 1 முதல் டிசம்பர் 15 வரை விண்ணப்பம், முடிவு பிப்ரவரியில். சில குலுக்கல்களுக்குக் கைடோடு ஒப்பந்தம் போட்ட பிறகுதான் விண்ணப்பிக்கவே முடியும். பதிவு பெர்மிட் கேட்டாலே கிடைக்கும். ஆனால் அந்தப் பகுதிக்கு வைத்த எண்ணிக்கை நிறைந்ததும் திடீரென்று பருவத்தை மூடிவிடுவார்கள். விமானம் ஏறும் நாள் காலையிலும் ஒரு தடவை விசாரித்துவிடுங்கள்.

துப்பாக்கிக் காகிதம்தான் வெளிநாட்டவரை அதிகம் அலைக்கழிப்பது. அமெரிக்காவுக்குத் துப்பாக்கியோடு வருகிற வெளிநாட்டவர், மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருள் துறையின் 6என்ஐஏ படிவத்தை முன்கூட்டியே அனுப்பி அனுமதி வாங்க வேண்டும். அதோடு ஏதாவது ஒரு மாநிலத்தின் நடப்பு வேட்டை உரிமம் இணைக்க வேண்டும். வாரக்கணக்கில் ஆகும், மூன்று மாதம் முன்னால் அனுப்பிவிட்டால் நிம்மதி. எச்1பி, மாணவர் விசா என்று அங்கேயே தங்கியிருப்பவர்களும் கவனிக்க வேண்டும்: அந்த வகை விசாக்காரர் துப்பாக்கி வைத்திருப்பதற்கு மத்திய சட்டத்தில் பொதுவாகத் தடை, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பதுதான் வழக்கமான விதிவிலக்கு. நண்பரின் ரைஃபிளை ரேஞ்சில் கையில் எடுக்கும்போதும் அந்த உரிமம் சட்டைப்பையில் இருக்கட்டும்.

கனடாவுக்கு எளிது. குடியிருப்பில்லாதவருக்கான துப்பாக்கி அறிவிப்புப் படிவம், 25 கனடா டாலர், 60 நாள் செல்லும். படிவத்தை நிரப்பிக்கொண்டு போங்கள். கையெழுத்தை மட்டும் சுங்க அதிகாரி முன்னால்தான் போட வேண்டும். கைத்துப்பாக்கியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பல அரைத்தானியங்கி வகைகளுக்கு அங்கே தடை என்பதால், ஒவ்வொரு தடவையும் கையால் தோட்டா ஏற்றுகிற போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள்தான் வம்பில்லாதது. இந்த அலைச்சலே வேண்டாம் என்றால் கைடின் ரைஃபிளை அவர் நேரடிக் கண்காணிப்பில் பயன்படுத்தலாம். கனடாவில் அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

விமானத்தில் ரைஃபிள் குண்டில்லாமல், பூட்டிய கெட்டிப் பெட்டியில், கவுண்டரில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். தோட்டா 5 கிலோ வரை. ஆனால் சின்ன மிதவை விமானத்தில் அந்தக் கெட்டிப் பெட்டிக்கு இடம் இருக்காது. மடிகிற துணி உறை ஒன்று தனியாகக் கொண்டுபோங்கள். பெட்டியை விமானக்காரரின் கொட்டகையில் விட்டுவிடலாம்.

எந்த மாதம்?

ஆகஸ்ட் கடைசியில் போனால் பகல் நீளம், குளிர் குறைவு, வழியில் பனி இல்லை. ஆனால் ரோமம் குட்டை. அக்டோபரில் ரோமம் நீண்டு, கழுத்திலும் காலிலும் அடர்ந்து, படத்தில் பார்ப்பது போல இருக்கும். கூடவே பனி, ஐஸ், சீக்கிரம் இருட்டுகிற பகல். இணைசேரும் காலம் நவம்பர். அப்போது கிடாக்கள் பெட்டைக் கூட்டத்தைத் தேடி வரும், ஆனால் கடலோர மலையில் நவம்பர் என்பது அனுபவசாலிகளுக்கானது. முதல் தடவை போகிறவருக்கு செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் முதல் வாரம் வரை சரியாக இருக்கும். ரோமம் சுமாராக வந்திருக்கும், உயிரும் பிழைத்திருக்கும்.

கடலோரத்தில் மழையும் மூடுபனியும் மூன்று நான்கு நாள் தொடர்ந்து நிற்கும். கூடாரத்தில் படுத்து மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பத்து நாள் வேட்டை என்றால் அலுவலகத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் விடுப்புச் சொல்லுங்கள். திரும்பும் விமானச் சீட்டை மாற்றக்கூடியதாகவே வாங்குங்கள். இன்னொன்று: அலாஸ்காவில் சின்ன விமானத்தில் போய் இறங்கிய அன்றே ஆட்டைச் சுடக் கூடாது, மறுநாள் அதிகாலை 3 மணிக்குப் பிறகுதான். முதல் நாளை வேட்டை நாளாக எண்ணாதீர்கள்.

உடம்பு

ஓட்டப் பயிற்சி நல்லதுதான், ஆனால் போதாது. எட்டு மாதம் முன்னால் தொடங்குங்கள். முதுகில் பத்துக் கிலோ வைத்து நடை, பிறகு பதினைந்து, பிறகு இருபத்தைந்து. மலை இல்லாத ஊர் என்றால் அடுக்குமாடிப் படிக்கட்டு. ஏறுவதை விட இறங்குவதில்தான் ஆட்கள் விழுகிறார்கள். தொடையும் முட்டியும் இறக்கத்துக்குப் பழக வேண்டும். வாங்கிய பூட்ஸைப் போட்டுக்கொண்டே பழகுங்கள். அடிப்பாகம் வளையாத, கணுக்காலைப் பிடிக்கிற மலையேற்ற பூட்ஸ் அது; பழகாமல் கொண்டுபோனால் இரண்டாம் நாளே குதிகால் தோல் உரியும்.

உயரத்துக்குப் பயப்படுகிறவர் அதை முன்பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே கைடிடம் சொல்லிவிடுவது நல்லது. கொஞ்சம் சாய்வான மலைகளும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

சாமான்

பருத்தி ஒன்றும் வேண்டாம், உள்ளாடை உட்பட. நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். மெரினோ கம்பளி உள்ளுடை, செயற்கை இழைச் சட்டை, நல்ல மழைக்கோட்டு, கூடாரத்தில் போட ஒரு பஃபர் ஜாக்கெட். நடைக்கோல் இரண்டு. பூட்ஸின் அடியில் மாட்டும் கூர்ப்பல் சட்டமான கிராம்பான், இலகுவானதாக; பனியில் மட்டுமல்ல, நனைந்த செங்குத்துப் புல்லிலும் உதவும். கார்மின் இன்ரீச் போன்ற செயற்கைக்கோள் கருவி ஒன்று, ஹெலிகாப்டர் மீட்புக்கான காப்பீடு ஒன்று. இரண்டிலும் கஞ்சத்தனம் வேண்டாம்.

கடலோர மலையில் ஆடு இருக்கும் உயரத்துக்குப் போவதற்கு முன்னால் ஆல்டர் புதரையும் டெவில்ஸ் கிளப் செடியையும் கடக்க வேண்டும். இரண்டாவது, ஆள் உயரம் வளரும், இலை முறம் அளவு, தண்டு முழுக்க மஞ்சள் முள். சறுக்கும்போது கை தானாகப் பிடிப்பது அதைத்தான். முள் உள்ளே ஒடிந்து நின்று சீழ் கட்டும். தோல் கையுறை ஒரு ஜோடியும் ஒரு முள்வாங்கியும் மறக்காதீர்கள்.

தொலைநோக்கிக் கண்ணாடிகளில் செலவழியுங்கள். 10x42 பைனாகுலர் ஆளுக்கு ஒன்று, கைடிடம் ஒரு ஸ்பாட்டிங் ஸ்கோப் (காலில் நிறுத்திப் பார்க்கும் ஒற்றைக் குழல் தொலைநோக்கி). தூரம் அளந்து கோணமும் கணக்கிடும் ரேஞ்ச்ஃபைண்டர் கட்டாயம், காரணம் கீழே. ரைஃபிள் .270, .30-06, .300 வின்செஸ்டர் மேக்னம் எதுவானாலும் சரி, உங்களுக்குப் பழகியதாக, சுமக்க இலகுவாக இருக்கட்டும். குழல் முனையில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள், மழையும் பனியும் உள்ளே போகாது. அதை எடுக்காமலே சுடலாம். முகாமுக்குப் போனதும் இரண்டு மூன்று தோட்டா சுட்டுக் குறி சரியாக இருக்கிறதா பார்த்துவிடுங்கள். விமானத்தில் பெட்டியை எப்படி எறிந்தார்களோ யாருக்குத் தெரியும்.

கரடி விரட்டும் ஸ்ப்ரே பயணிகள் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். அங்கே போய் வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பாடு வெந்நீர் ஊற்றும் பாக்கெட்தான்; மூன்றாம் நாள் நாக்கு செத்துவிடும். ஒரு சின்னப் பொட்டலம் பருப்புப்பொடி எடைக்கும் பாரமில்லை.

கிடாவா, பெட்டையா?

கைடு பில்லி என்றால் கிடா, நானி என்றால் பெட்டை. முடிவு அவர் சொல்வதாக இருந்தாலும் டேக் உங்கள் பெயரில்தான் இருக்கிறது. அலாஸ்கா மீன், வனவிலங்குத் துறை இதற்கென்றே படங்களோடு ஒரு பயிற்சித் தேர்வை இணையத்தில் வைத்திருக்கிறது. கிளம்பும் வரை வாரம் ஒரு தடவை அதைப் போட்டுப் பாருங்கள்.

கொம்பின் நீளத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். பெட்டைக்கும் ஒன்பது அங்குலக் கொம்பு இருக்கும், சில சமயம் கிடாவை விட நீளமாகவே. பார்க்க வேண்டியது அடிப்பாகம். கிடாவுக்குக் கொம்பின் அடி தடித்து, இரண்டும் நெருங்கி நிற்கும்; நடுவில் உள்ள இடைவெளி ஒரு கொம்பின் தடிமனை விடக் குறைவு. பெட்டைக்கு அடி மெலிந்து, இடைவெளி அகலம். பக்கத்திலிருந்து பார்த்தால் கிடாவின் கொம்பு அடியிலிருந்து நுனி வரை ஒரே வளைவாகப் போகும். பெட்டையின் கொம்பு நேராகப் போய் நுனியருகில் சட்டென்று பின்னால் மடங்கும். கிடாவுக்குக் கொம்புக்குப் பின்னால் கறுத்த சுரப்பி ஒன்று இருக்கும். ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் தெரியும்.

இவ்வளவும் சொல்லிவிட்டேன், ஆனாலும் மூடுபனியில் 600 மீட்டர் தள்ளி நிற்கும் ஆட்டுக்கு இதெல்லாம் தெளிவாகத் தெரியாது. அப்போது ஒரே வழி, அது சிறுநீர் கழிக்கும்வரை காத்திருப்பது. கிடா நான்கு காலையும் நீட்டி முன்னால் சாய்ந்து நின்றபடி கழிக்கும். பெட்டை பின்னங்காலை மடக்கிக் குந்தும். இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. படுத்திருக்கும் ஆடு எழுந்ததும் பெரும்பாலும் செய்கிற முதல் வேலை அதுதான். ஆகவே படுத்திருக்கிறதா, நீங்களும் உட்காருங்கள். மூன்று மணி நேரம் ஆனாலும் சரி.

தனியாக நிற்பதெல்லாம் கிடா என்று நினைப்பதும் தப்பு. குட்டி இல்லாத பெட்டையும் தனியாகத் திரியும். குட்டி கூட இருக்கும் பெட்டையைச் சுடுவது அலாஸ்காவின் பல பகுதிகளிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் சட்டவிரோதம். பிரிட்டிஷ் கொலம்பியாவில், குட்டி இருக்கிற கூட்டத்தில் உள்ள எந்தப் பெட்டையையும் தொடக் கூடாது.

எங்கே விழும்?

கிடாதான், சுடும் தூரம்தான் என்று ஆனபிறகும் ஒரு கேள்வி பாக்கி. மலையாடு அடிபட்டதும் விழுகிற விலங்கு இல்லை. இரண்டடி எடுத்துவைத்து விளிம்புக்குப் போகும், அங்கிருந்து உருளும். முந்நூறு அடி உருண்டால் கொம்பு உடையும், இறைச்சி நசுங்கும், தோல் கிழியும். இறங்கவே முடியாத பிளவில் போய்ச் செருகிக்கொண்டால் எல்லாம் வீண். அதை எடுக்கப் போய் ஆள் செத்த கதையும் மலையில் உண்டு.

அதனால் துப்பாக்கியைத் தோளில் வைப்பதற்கு முன்னால் ஆட்டுக்குக் கீழே இருக்கும் நிலத்தைப் பைனாகுலரில் பாருங்கள். சின்ன மேடை, புல்சரிவு, கற்குவியல் ஏதாவது அதைத் தடுத்து நிறுத்துமா? அங்கே உங்களால் நடந்து போக முடியுமா? இல்லை என்றால் அது மேய்ந்து நகரும் வரை பொறுங்கள். நகராவிட்டால் நாளை. குறி இரு தோளையும் உடைக்கிற மாதிரி, தோளின் நடுவில். அப்போதுதான் நின்ற இடத்திலேயே சரியும். அசையும் வரை அடுத்த தோட்டாவும் தயாராக இருக்கட்டும்.

கோணக் கணக்கு: மலையில் மேலிருந்து கீழே சுடும்போது தோட்டா நினைத்ததை விட உயரத்தில் படும். புவியீர்ப்பு இழுப்பது கிடைத்தூரத்துக்குத்தான். ரேஞ்ச்ஃபைண்டர் நேர்க்கோட்டில் 300 மீட்டர் காட்டி, சரிவு 40 டிகிரி என்றால், நீங்கள் குறிவைக்க வேண்டியது 230 மீட்டருக்கு. கோணம் கணக்கிடும் கருவி இதைத் தானே சொல்லிவிடும்.

கீழே இறக்குவது

முதலில் டேக். பிறகு படம். பிறகு உடனே வேலை. பெரிய கிடாவின் எலும்பு நீக்கிய இறைச்சி 35 கிலோ அளவுக்கு வரும். தலையோடு நனைந்த தோல் இன்னும் ஒரு பதினைந்து இருபது கிலோ. இரண்டு பேர் ஒரே நடையில் கொண்டுவர முயன்றால் வழுக்குவார்கள். இரண்டு நடை என்று திட்டமிடுங்கள். இறைச்சி முதல் சுமை, தோலும் கொம்பும் கடைசிச் சுமை. அலாஸ்காவில் சாப்பிடக்கூடிய இறைச்சி எல்லாவற்றையும் எடுத்தே ஆக வேண்டும், விலாவும் கழுத்தும் உட்பட. விட்டுவிட்டு வந்தால் கடும் தண்டனை. கோடியாக்கில் துப்பாக்கிச் சத்தமும் ரத்த வாடையும் கரடியை வரவழைக்கும். இறைச்சியை அறுத்த இடத்திலிருந்து தள்ளி, தூரத்திலிருந்து பார்க்கக்கூடிய திறந்த வெளியில் வையுங்கள், கூடாரத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பல முகாம்களில் சுற்றி மின்வேலி போடுகிறார்கள்.

தோலை எப்படி அறுப்பது என்பது முழு உருவமாகப் பாடம் பண்ணுவதா, தலை மட்டுமா என்பதைப் பொறுத்தது. பாடம் பண்ணுகிறவரிடம் கிளம்புவதற்கு முன்பே பேசி வைத்தால் கைடுக்கும் குழப்பம் இல்லை. முகாமுக்கு வந்ததும் காது, உதடு, மூக்கு எல்லாம் பிரித்து உப்புப் போட வேண்டும். ஈரத்தோலைப் பையில் கட்டி வைத்தால் இரண்டு நாளில் ரோமம் கொத்தாக வரும்.

வயதான கிடாவின் கறி கெட்டி. வறுவலுக்கு ஆகாது. குக்கரில் வைத்து எட்டு விசிலாவது விட்டு, மிளகு தூக்கலாகப் போட்டுக் குழம்பாக்கினால் நம் வீட்டில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

ஊர் திரும்பும் முன்

பிரிட்டிஷ் கொலம்பியாவில் மலையாட்டுக்குக் கட்டாயப் பரிசோதனை உண்டு. மண்டையோட்டுத் துண்டோடு கொம்பைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். வளையத்தை எண்ணி வயது குறிப்பார்கள். மாகாணத்தை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே அதை முடித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோகிறவர் அந்நாட்டு மீன், வனவிலங்குச் சேவையின் 3-177 அறிவிப்புப் படிவத்தை நிரப்ப வேண்டும்.

அலாஸ்கா பெர்மிட்டுக்கு வேட்டை அறிக்கை கட்டாயம். ஆடு கிடைத்தாலும், கிடைக்காவிட்டாலும், கடைசி நேரத்தில் போகாமலே விட்டுவிட்டாலும் அனுப்ப வேண்டும். அனுப்பாதவருக்கு அடுத்த ஆண்டு எந்தப் பெர்மிட்டும் கிடையாது. பெர்மிட்டில் அறிக்கைக்கான கெடு அச்சிட்டிருக்கும். அந்தத் தேதியை பெர்மிட் வாங்கிய அன்றே ஃபோனில் நினைவூட்டலாகப் போட்டுவிடுங்கள்.